இரண்டாவது சூடு: கடற்கரை ஊரில் வீட்டு பிஸ்கட்

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் கடல் கண்ணில் படாது. உப்பு ஜாடியைத் திறந்தால் போதும், கடல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கல்லுப்பு தண்ணீர் விட்டு நிற்கும். பொரித்த அப்பளம் ரசம் சாதத்துக்கு வருவதற்குள் துவண்டுவிடும். இந்த ஊரில் இருந்துகொண்டு வீட்டிலேயே பிஸ்கட் சுடப்போகிறேன் என்றதும் என் மாமியார் சிரித்தார். "மத்தியானம் சுட்டா சாயங்காலத்துக்குள்ள நமுத்துப் போயிடும்மா, பாரு" என்றார்.

முதல் தடவை நமுக்கிற அளவுக்குக்கூட வரவில்லை. சித்திரை வெயிலில் வெண்ணெய் உருகி, தட்டில் வைத்த பன்னிரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே அடையாக வந்தது. இரண்டாம் தடவை கல். மூன்றாம் தடவை நன்றாக வந்து, அத்தை சொன்னபடியே பொழுது சாய்வதற்குள் நமுத்தது. மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. அவை பிடிபட்ட பிறகு, பிஸ்கட் சுடுவது வடை சுடுவதைவிடச் சுலபம் என்றுதான் சொல்வேன். ஊறவைக்க வேண்டாம், அரைக்க வேண்டாம், எண்ணெய்ச் சட்டிப் பக்கத்தில் நிற்க வேண்டாம். கை வேலை கால் மணி நேரம், மிச்சம் காத்திருப்பு.

ஓவன் இல்லாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். முதல் இரண்டு வருடம் நான் மணல் போட்ட சட்டியில்தான் சுட்டேன்.

மூன்று சாமான், மூன்று எடை

வெண்ணெய் பிஸ்கட்டின் கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று. சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு. ஸ்காட்லாந்துக்காரர்களின் ஷார்ட்பிரெட்டுக்கும் இதே கணக்குதான். கடையில் வெண்ணெய் 100 கிராம் பொட்டலமாகக் கிடைக்கிறது. அதை முழுதாகப் போட்டால் சர்க்கரை 50 கிராம், மைதா 150 கிராம். மொத்தம் 300 கிராம் மாவு வரும். 15 கிராம் உருண்டையாகப் பிடித்தால் 20 பிஸ்கட். முட்டை வேண்டாம், சோடா வேண்டாம், பேக்கிங் பவுடரும் வேண்டாம். முட்டை சேராததால் புரட்டாசி மாதத்திலும் செய்யலாம்.

இது எடைக் கணக்கு, டம்ளர் கணக்கு இல்லை. இட்லிக்கு நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்று போடுகிறோம், சரியாக வருகிறது. அரிசியை டம்ளரில் எப்படி அள்ளினாலும் ஏறக்குறைய அதே எடைதான். மைதா அப்படி இல்லை. 240 மில்லி கப்பில் கரண்டியால் தளர்வாகப் போட்டால் 120 கிராம் பிடிக்கும். அதே கப்பை மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூடப் பிடிக்கும். என் இரண்டாம் தடவைக் கல்லில் பாதி இந்த 30 கிராமால் வந்தது. மீதிப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

அதனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஓவன் இல்லை, தராசு. சமையலறைக்கான சின்ன டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்றால் 240 மில்லி கப்பில் தளர்வாகப் போட்ட மைதா ஒன்றேகால் கப், பொடித்த சர்க்கரை அரை கப்புக்குச் சற்றுக் குறைவு. சுமாராக ஒத்துவரும்.

சர்க்கரையை மிக்சியில் நைசாகப் பொடித்துக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு ஏலக்காய். முழுச் சர்க்கரை கரைய இந்த மாவில் தண்ணீர் கிடையாது. அப்படியே போட்டால் பல்லில் நறநறக்கும், சூட்டில் உருகி பிஸ்கட்டையும் பரப்பிவிடும். நாட்டுச் சர்க்கரை போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், மணமும் நன்றாக இருக்கும். ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை வெள்ளைச் சர்க்கரையைவிட வேகமாக இழுக்கும். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் அந்த ஆசையை நான் அடக்கிக்கொள்வேன்.

வெண்ணெயில் உப்பு போட்டதும் உண்டு, போடாததும் உண்டு. ரொட்டியில் தடவும் மஞ்சள் வெண்ணெயில் உப்பு இருக்கும். மாவில் தனியாகச் சேர்க்க வேண்டாம். உப்பில்லாத வெண்ணெய் என்றால் இரண்டு சிட்டிகை உப்பு அவசியம், இல்லாவிட்டால் இனிப்பே எடுபடாது. வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயில் மோர்த்தண்ணீர் தங்கியிருக்கும். அதைக் காய்ச்சி நெய்யாக்கி, அந்த நெய்யில் பிஸ்கட் செய்வது நல்லது.

நெய் என்றால் அளவு மாறும். கடை வெண்ணெயில் கொழுப்பு ஏறத்தாழ 80 சதவீதம், மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். நெய் முழுக்கக் கொழுப்பு. அதனால் 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய் போதும். அந்தத் தண்ணீருக்கு ஈடாக ஒரு டீஸ்பூன் பால். நெய் மணல் மணலாக உறைந்த பதத்தில் இருக்க வேண்டும், உருக்கக் கூடாது. நெய் பிஸ்கட்டுக்கு 150 கிராம் மைதாவில் 35 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் கடலை மாவும், இன்னும் 15 கிராமைக் குறைத்து ரவையும் போட்டால் நான்கட்டாய் ருசி வரும். ரவையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். புதுச்சேரியில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் விவிக்கம் கேக்கே ரவையில்தான் நிற்கிறது.

வெண்ணெயின் சூடு

புத்தகங்களிலும் வீடியோக்களிலும் "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று ஒரு வரி வரும். அதை நம்பித்தான் முதல் தடவை மோசம் போனேன். அந்த அறை குளிர்நாட்டு அறை. 20 டிகிரிதான் இருக்கும். சித்திரையில் கடலூர்ச் சமையலறை பகலில் 35 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் வெண்ணெய் மேடையில் வைத்த இடத்திலேயே எண்ணெயாகிவிடும். உருகிய வெண்ணெயில் பிசைந்த மாவு அடுப்பில் ஏறியதும் தாங்காது, மைதா வெந்து இறுகுவதற்கு முன்னாலேயே வழிந்து பரவிவிடும்.

எனவே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, கோடையில் ஐந்து நிமிடம், மார்கழியில் பதினைந்து நிமிடம் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும். விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. மேலே எண்ணெய் மினுங்க ஆரம்பித்தால் தாமதம் செய்யாமல் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். என் வேலை நேரம் காலை ஆறு மணி. குழந்தைகள் எழுந்திருக்கவில்லை, அடுப்பு சூடு ஏற்றவில்லை, வெண்ணெய் சொன்ன பேச்சைக் கேட்கும்.

(பேக்கரி பிஸ்கட் மட்டும் எந்த வெயிலிலும் எப்படி வடிவம் மாறாமல் வருகிறது என்று யோசித்திருப்பீர்கள். பலரும் வனஸ்பதியோ மார்ஜரினோ போடுகிறார்கள்; அவை வெண்ணெயைவிட அதிகச் சூட்டில்தான் உருகும். வேலைக்கு வசதி. ஆனால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும் அந்த ருசிக்காக நாம் வீட்டில் மெனக்கெட வேண்டியதில்லை.)

பிசையாதீர்கள், சேருங்கள்

வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் மரக்கரண்டியால் இரண்டு மூன்று நிமிடம் குழையுங்கள். நிறம் கொஞ்சம் வெளுத்தால் போதும். கேக்குக்கு அடிப்பது போல நுரைக்க நுரைக்க அடித்தால் காற்று அதிகம் ஏறி, பிஸ்கட் பொங்கிப் பரவும்.

பிறகு மைதாவைச் சலித்து ஒரே தடவையில் கொட்டி, விரல் நுனியால் கலக்குங்கள். உள்ளங்கை வேண்டாம். சப்பாத்தி மாவை அழுத்தி அழுத்திப் பிசைகிறோமே, அப்போது கோதுமைப் புரதம் இழை இழையாகப் பிணைந்து மாவு ரப்பராகிறது. சப்பாத்திக்கு அது வேண்டும். பிஸ்கட்டுக்கு அதுதான் ஆகாது. முன்பு சொன்ன கல்லின் மீதிப் பாதி இதுதான்: "நன்றாகப் பிசைந்தால் நன்றாக வரும்" என்று பத்து நிமிடம் பிசைந்து தள்ளினேன். முறுக்குக்கும் தட்டைக்கும் மாவில் வெண்ணெய் போட்டுக் கையால் பிசறிவிடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் பாதி வித்தை கையிலேயே இருக்கிறது. கொழுப்பு மாவின் மேல் படிந்து, தண்ணீர் சேரவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் கடித்ததும் உதிர்கிறது.

பதம் பார்ப்பது புட்டு மாவு மாதிரி. முதலில் உதிரி உதிரியாக, ஈர மணல் போல இருக்கும். இங்கேதான் புதியவர்கள் பயந்து பால் ஊற்றிவிடுகிறார்கள். பொறுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடித்த வடிவில் நிற்கிறதா? நின்றால் போதும், எல்லாவற்றையும் கூட்டி ஒரு உருண்டையாக அழுத்தினால் சேர்ந்துவிடும். நிற்கவில்லை என்றால் மட்டும் ஒரு டீஸ்பூன் பால். மாறாக, கையில் ஒட்டுகிறது என்றால் அது மாவு குறைவால் இல்லை, வெண்ணெய் சூடாகிவிட்டதால். மைதாவை மேலும் தூவாமல் மாவை இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மைதா தூவிச் சரிசெய்தால் ஒன்று இரண்டு மூன்று கணக்கு கெட்டுவிடும்.

கோதுமை மாவில் செய்ய விரும்புபவர்களுக்கு: செய்யலாம். தவிடு ஈரத்தை இழுப்பதால் 10 கிராம் குறைத்துப் போடுங்கள், இல்லையேல் வறண்டு வெடிக்கும். கேழ்வரகு மாவு என்றால் பாதிக்குப் பாதி. அதை முதலில் வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து ஆறவைக்க வேண்டும். முழுக்கக் கேழ்வரகில் செய்தால் பிடிமானம் இருக்காது, எடுக்கும்போதே பொடியாகும்.

வடிவம்

இதில் பெரிய இலக்கணம் ஒன்றும் இல்லை. எலுமிச்சையில் பாதி அளவு உருண்டை பிடித்து, லேசாகத் தட்டி, முள்கரண்டியால் ஒரு அழுத்து. அல்லது மாவு முழுவதையும் உருட்டுக்கட்டை தடிமனில் நீளமாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் வில்லை வில்லையாக நறுக்கலாம். இதுதான் எனக்குப் பிடித்தது. காரணம், அந்த உருளையை ஃபிரீசரில் வைத்துவிட்டால் ஒரு மாதம் வரை கெடாது. விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது எடுத்து நறுக்கினால், காபி முடியும் நேரத்தில் பிஸ்கட் தயார்.

வீட்டில் முறுக்கு அச்சு இருந்தால் ஒற்றை நட்சத்திர வில்லையைப் போட்டு நீள நீளமாகப் பிழிந்து துண்டு போடுங்கள். பிழிவதற்கு மாவு ஃபிரிட்ஜ் குளிர்ச்சியில் இருக்கக் கூடாது. பிழிந்த பிறகு தட்டோடு உள்ளே வைத்து இறுக்கிக்கொள்ளலாம்.

எப்படிச் செய்தாலும் இரண்டு விதி. எல்லாம் ஒரே கனமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெல்லியது கருகும் நேரத்தில் தடித்தது பச்சையாக இருக்கும். அடுப்பில் ஏற்றும்போது மாவு குளிர்ந்திருக்க வேண்டும். தட்டில் ஒன்றுக்கொன்று இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

மணல் சட்டி

பட்டர் பேப்பர் விரித்த அலுமினியத் தட்டு நல்லது. எவர்சில்வர் தட்டில் சூடு திட்டுத் திட்டாக ஏறும். அதுதான் இருக்கிறது என்றால் பேப்பரை இரண்டாக மடித்துப் போடுங்கள்.

சட்டிக்கு அடிகனமான பழைய வாணலியோ இட்லிப் பானையோ எடுங்கள். நான்ஸ்டிக் கூடவே கூடாது. அதை வெறுமையாகக் காயவைப்பதே தப்பு. பிரஷர் குக்கரில் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் சுடலாம் என்று நிறையப் பேர் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். ஆனால் தினம் பருப்பு வேகவைக்கும் குக்கரை அரை மணி நேரம் உலர்சூட்டில் வறுத்தெடுக்க இப்போது மனம் வருவதில்லை. செய்வதானால் வளையமும் வெயிட்டும் இல்லை என்பதை இரண்டு தடவை பாருங்கள்.

அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சலித்த ஆற்று மணல். கடற்கரையில் மல்லாட்டை (வேர்க்கடலை) வறுப்பவர் மணலில் போட்டு வறுப்பதன் சூட்சுமம்தான் இங்கும்: நெருப்பு ஓரிடத்தில் அடித்தாலும் மணல் அதை வாங்கிச் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். அதற்காக எங்கள் ஊர்க் கடற்கரையான சில்வர் பீச்சிலிருந்தே மணலை அள்ளி வராதீர்கள். அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருக்கும். உப்பு அலுமினியத்தை அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி விழவைக்கும். மணல் கிடைக்காதவர்கள் இரும்புச் சட்டியில் கல்லுப்பு போடலாம். சூடேறும்போது பட்பட்டென்று வெடிக்கும், பயப்பட வேண்டாம். அந்த உப்பைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காமல் இதற்கென்றே ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள்.

மணலுக்கு மேல் ஒரு ஸ்டாண்டு. மூடி போட்டு மிதமான தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் காயவிடுங்கள். பிறகு பிஸ்கட் தட்டை உள்ளே இறக்கித் தீயைச் சிறியதாக்குங்கள். தட்டுக்கும் சட்டிச் சுவருக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி இருந்தால்தான் சூடு மேலே ஏறும். மூடியின் மேல் அம்மிக்குழவியோ கனமான கிண்ணமோ வைத்து அமுக்கிவிடலாம்.

பதினைந்து நிமிடம் திறக்காதீர்கள். பிறகு ஒரு தடவை திறந்து, மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக நிற்கும் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மூடுங்கள். இந்தத் துடைப்பை யாரும் சொல்லித்தரவில்லை. பிஸ்கட் மேல் சொட்டி வட்ட வட்டமாகத் தழும்பு விழுந்த பிறகு கற்றுக்கொண்டது. மொத்தம் 20 முதல் 25 நிமிடத்தில் வெந்துவிடும். இரண்டாவது தட்டுக்கு மணல் நன்றாகக் காய்ந்திருப்பதால் நான்கைந்து நிமிடம் குறையும்.

சட்டியில் மேல்சூடு கிடையாது. அதனால் மேற்பக்கம் பொன்னிறமாக மாறும் என்று காத்திருந்தால் அடி கருகிவிடும். ஒன்றைக் கத்தியால் நெம்பித் திருப்பிப் பாருங்கள். அடி பொன்னிறம், ஓரம் லேசாகச் சிவந்திருக்கிறது என்றால் எடுத்துவிடலாம்.

ஓவன் வைத்திருப்பவர்கள்

ஓ.டி.ஜி. (மேலும் கீழும் கம்பி சூடேறும் சின்ன மின்சார ஓவன்) என்றால் 170 டிகிரியில் பத்து நிமிடம் காயவைத்து, தட்டை நடுத்தட்டில் வைத்து 160 டிகிரிக்குக் குறைத்து 15 முதல் 18 நிமிடம். சின்ன ஓவனில் மேல்கம்பி பிஸ்கட்டுக்கு மிக அருகில் இருக்கும். பத்தாவது நிமிடம் தட்டைத் திருப்பி வையுங்கள். குமிழில் எழுதியிருக்கும் டிகிரியை முழுக்க நம்பாதீர்கள், ஓவனுக்கு ஓவன் மாறும். முதல் தடவை நான்கே நான்கு பிஸ்கட் வைத்துச் சுட்டு, நேரத்தை ஒரு தாளில் எழுதி ஓவன் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் வசதி இருந்தால் அதில் மட்டும் சுடலாம். வெறும் மைக்ரோவேவ் சூட்டில் பிஸ்கட் மொறுமொறுப்பாகாது.

வெளியே எடுத்ததும் தொட்டுப் பார்த்து "இன்னும் மெத்தென்று இருக்கிறதே" என்று திரும்ப உள்ளே தள்ளுவது எல்லோரும் செய்யும் தவறு. சூடான பிஸ்கட் மெத்தென்றுதான் இருக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் உருகிய நிலையில் இருக்கின்றன. ஆறும்போதுதான் உறைந்து பிடிக்கும். தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டு, அப்புறம் கம்பி வலைக்கு மாற்றுங்கள். கீழேயும் காற்றுப் போக வேண்டும்.

இரண்டாவது சூடு

என் மூன்றாம் தடவைக் கதைக்கு வருகிறேன். அளவு சரி, வெண்ணெய் சரி, நிறம் சரி. ஆனாலும் நமுத்தது.

பிஸ்கட் என்பது பிரெஞ்சுச் சொல். "இரண்டு முறை சுட்டது" என்பதுதான் அதன் மூலப் பொருள். கப்பலில் மாதக்கணக்கில் போகிறவர்களுக்கு ரொட்டி பூசணம் பிடிக்காமல் இருக்க, ஒரு முறை சுட்டதை மறுபடி சூட்டில் உலர்த்தினார்கள். நமக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில், 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரி இருக்கிறது. சொல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அதற்குள் இருந்த செய்முறை எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. பொறையும் இப்படித்தானே, ரொட்டியை வெட்டி இரண்டாம் தடவை சுடுவது.

நடப்பது இதுதான். முதல் சூட்டில் ஓரம் நன்றாகக் காய்ந்துவிடும், நடுவில் மட்டும் கொஞ்சம் ஈரம் தங்கும். சுட்டவுடன் தின்றால் தெரியாது. டப்பாவில் போட்டு வைத்தால் நடுவில் இருக்கும் ஈரம் மெல்ல ஓரத்துக்குப் பரவும். வெளிக்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். வறண்ட ஊரில் இது பெரிய விஷயமில்லை. சேலத்தில் இருக்கும் என் தங்கை ஒரு சூட்டோடு நிறுத்திக்கொள்கிறாள், அவளுக்கு நிற்கிறது. கடலோரத்தில் நிற்காது.

ஆகவே பிஸ்கட் முழுக்க ஆறிய பிறகு, மறுபடி 120 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள். நிறம் மாறக் கூடாது, உலர்ந்தால் போதும். பிறகு ஓவனை அணைத்து, கதவை ஒரு விரல் அளவு திறந்து, உள்ளேயே ஆறவிடுங்கள். மணல் சட்டிக்காரர்களுக்கு இது இன்னும் மலிவு: கடைசித் தட்டு வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, ஆறிய பிஸ்கட்டையெல்லாம் தட்டில் அடுக்கி உள்ளே வைத்து, மூடியைச் சற்றுத் திறந்தபடி கால் மணி நேரம் விடுங்கள். மணலில் தங்கிய சூடே வேலையை முடித்துவிடும், கேஸ் செலவு கிடையாது.

இந்த ஒரு வேலைக்குப் பிறகு என் பிஸ்கட் கோடையில் பதினைந்து நாள், மழைக்காலத்தில் ஒரு வாரம் நிற்கிறது. நமுத்துப்போன கடை பிஸ்கட்டையும் இப்படியே மீட்கலாம், கிரீம் வைத்ததைத் தவிர.

டப்பாவில் போடும்போது கொஞ்சம்கூட வெதுவெதுப்பு இருக்கக் கூடாது. கையில் வைத்துப் பார்க்காமல் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். இறுக்க மூடும் எவர்சில்வர் சம்படம் நல்லது. ஒரு பிடி அரிசியை வறுத்து, ஆறவிட்டு, மெல்லிய துணியில் முடிந்து ஒரு மூலையில் போட்டுவையுங்கள். பெரிய டப்பா ஒன்றைவிடச் சின்ன டப்பா மூன்று மேல். பிள்ளைகள் மணிக்கொரு தரம் திறந்து மூடுவது ஒரு டப்பாவோடு போகும்.

கையில் இருப்பதைப் போட்டு

அடிப்படை பிடிபட்ட பிறகு மாற்றிப் பார்க்கலாம். எங்கள் மாவட்டத்தில் முதலில் நினைவுக்கு வருவது முந்திரிதான். பண்ருட்டிப் பக்கம் காடாம்புலியூர் வழியாகப் போனால் சாலையோரக் கடைகளில் வாங்கிவரலாம். முழுப் பருப்பில் 180, 240, 320 என்று எண் சொல்வார்கள். ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு நிற்கும் என்ற கணக்கு. எண் கூடக்கூடப் பருப்பு சின்னது, விலையும் குறைவு. பிஸ்கட்டுக்கு முழுப் பருப்பு வீண் செலவு. உடைசல் வாங்குங்கள், ருசியில் துளியும் வித்தியாசம் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனதிலிருந்து எங்கள் வீட்டில் முந்திரியை எண்ணிப் போடும் பழக்கம் வந்தது. அது இன்னும் போகவில்லை. 30 கிராம் உடைசலை லேசாக வறுத்து, கொரகொரப்பாகப் பொடித்து, அதே எடைக்கு மைதாவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மல்லாட்டையில் செய்தால் பாதி விலையில் இன்னும் தூக்கலான மணம். வறுத்துத் தோல் நீக்கி 40 கிராம் எடுத்து, மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகிவிடும். மல்லாட்டையிலேயே எண்ணெய் இருப்பதால் வெண்ணெய் 90 கிராம் போதும்; மைதாவில் 40 கிராம் குறையுங்கள்.

தேங்காய் போடுபவர்கள் கடையில் விற்கும் உலர்ந்த தேங்காய்த் தூளைப் போடுங்கள். துருவிய பச்சைத் தேங்காயில் ஈரம் அதிகம். எவ்வளவு வறுத்தாலும் கடலோரத்தில் இரண்டு மூன்று நாளில் சிக்கு வாடை வந்துவிடுகிறது.

அத்தைக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பு ஆகாது. அவருக்காகச் செய்யும் உப்பு பிஸ்கட்டில் மைதா 170 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த சர்க்கரை 15 கிராம் மட்டும். சர்க்கரையை முழுக்க நிறுத்தினால் நிறமும் வராது, மொறுமொறுப்பும் குறையும். உப்பு முக்கால் டீஸ்பூன். வெண்ணெயில் ஏற்கெனவே உப்பு இருந்தால் கால் டீஸ்பூன். ஓமம் ஒரு டீஸ்பூன், ஒன்றிரண்டாக இடித்த மிளகு அரை டீஸ்பூன், பொடியாக நறுக்கி நெய்யில் முறுகப் பொரித்த கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. கறிவேப்பிலையைப் பச்சையாகப் போட்டால் அதன் ஈரமே பிஸ்கட்டை நமுக்கவைக்கும். மாவு சேரவில்லை என்றால் ஒரு டீஸ்பூன் புளித்த தயிர். மற்றதெல்லாம் முன்பு சொன்னபடியே, இரண்டாவது சூடு உட்பட. இதுவும் மைதாதான், வெண்ணெய்தான் என்பதால் அவருக்கு நாளுக்கு இரண்டு என்று கணக்கு வைத்திருக்கிறோம். போன வாரம் டப்பாவைத் திறந்து ஒன்றைக் கடித்துவிட்டு, "அடுத்த தடவ மொளகு கொஞ்சம் தூக்கலா போடும்மா" என்றார். அப்படியானால் முக்கால் டீஸ்பூன்.